வீடு மாற்ற ஒரு லாரி

அந்தமானில் பிழைக்க வந்த தமிழன் வீடு மாறிக்கொண்டே இருக்கிறான். காண்டிராக்ட் முடிந்தால் மாறுகிறான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் மாறுகிறான். பிள்ளை மேலே படிக்க வேண்டுமென்றால் ரங்கத்திலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் போர்ட் பிளேருக்கு மாறுகிறான். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊர்ப் பெயரை மாற்ற டெல்லியில் ஓர் அறிவிப்பு போதும். ஜங்லிகாட்டிலிருந்து கராச்சர்மாவுக்கு ஒரு கட்டிலை மாற்றிப் பாருங்கள், தெரியும்.) கடைசியில் உடம்பு தளர்ந்தபின், மூட்டை முடிச்சோடு கப்பலேறி ராமநாதபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ மாறுகிறான்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டிக்குத்தான் நம் குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன.

சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "லாரியை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப்போய் சாமானை இறக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? டிரைவர் படி, கிளீனர் கூலி இரண்டும் மிச்சம்தானே" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். டிரைவர் தோழர்கள் முகம் சுளித்தார்கள். சிரிப்பதற்கும் சுளிப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. நியாயமான கேள்வி. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடியதும் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ரயிலே இல்லாத தீவைப் பற்றி ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை 240 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடப் போவதாக 2017-ல் பேசினார்கள். பேச்சு பேச்சாகவே நிற்கிறது. ஆனால் கப்பலிலிருந்து சென்னையில் இறங்குகிற நம் குடும்பங்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் பார்சல் ஆபீஸ் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து ரசீது எழுதுகிறவன் நான். ஒரு குடும்பம் எதை எடுத்து வருகிறது, எதை வழியிலே விட்டுவிட்டு வருகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். கிரைண்டர் வரும், அதன் கல் வராது. பீரோ வரும்; அதன் கண்ணாடி வராது. தையல் மிஷின் மட்டும் எப்படியோ முழுதாக வந்து சேர்ந்துவிடும். அதைக் கட்டுபவர்கள் பெண்கள்.

விஷயத்துக்கு வருவோம். இளைஞர் கேட்ட ஏற்பாடு உலகத்தில் இல்லாததல்ல. அமெரிக்காவில் 1945-ல் லியோனார்ட் ஷோயன் என்பவரும் அவர் மனைவி அன்னா மேரியும் வாஷிங்டன் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற சிற்றூரில் 'யு-ஹால்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். போர் முடிந்து மக்கள் ஊர் விட்டு ஊர் வேலை தேடிப் போன காலம். காருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் இழுவைப் பெட்டியை ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. பிறகு லாரிகளும் வந்தன. சாதாரண கார் லைசென்ஸ் உள்ளவர் அந்த லாரியைத் தாமே ஓட்டிக்கொண்டு வீடு மாறலாம். அங்கே கூலியாள் வைப்பது விலை கூடிய காரியம். கார் ஓட்டத் தெரியாதவர் அரிது. ஆகவே அந்த வியாபாரம் செழித்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொள்ள விரும்புவோருக்காகத் திட்டம் வகுக்க மைய அரசுக்கு அதிகாரம் தருகிறது. எந்த வண்டிகளுக்கு? மோட்டார் காப் என்கிற வாடகைக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும். காருக்கான திட்டம் 1989-ல் வந்தது. அதில் லைசென்ஸ் பெற 50 கார்கள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 1997-ல் வந்தது. லாரிக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பிரிவில் லாரி என்ற பேச்சே இல்லை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சுற்றுலா வந்தவர் போர்ட் பிளேரில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக் கடற்கரை பார்க்கப் போகலாம். அவருக்காகச் சட்டம் யோசித்திருக்கிறது. சாமானை ஏற்றிக்கொண்டு பிழைப்புக்காக ஊர் மாறுகிறவன் என்று ஒருவன் இருப்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வீடு மாற்றத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர்கள் வீடு மாறும்போது சர்க்கார் மாற்றிக் கொடுக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் சட்டத்தில் நமக்குச் சாதகமான சில இடங்களும் உண்டு. நம் ஆட்களுக்கு அவை தெரியவில்லை.

முதலாவது லைசென்ஸ். எடை குறைந்த வண்டி ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளாமல் வழக்கை மேலே கொண்டு போயின. 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச், ரம்பா தேவி வழக்கில் அதையே உறுதி செய்தது. ஆகவே நம்மூரில் குட்டி யானை என்று சொல்கிற வண்டிக்கும் அதைவிடப் பெரிய மினி லாரிக்கும் கார் லைசென்சே போதும். பெரிய லாரிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அதில் மாற்றமில்லை. போக்குவரத்து வண்டி ஓட்ட எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை 2019-ல் எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் இன்னும் ஏஜெண்டுகளுக்குப் பணம் கொடுத்துப் பள்ளிச் சான்றிதழ் தேடி அலைகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அலைய வேண்டாம்.

இரண்டாவது பெர்மிட். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பெர்மிட் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, பழைய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. வழிச்சீட்டு தேவையில்லை. புழங்கிய சொந்தச் சாமானும் வீட்டுச் சாமானும் அந்த விதியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கின்றன. "சீட்டு இல்லை, கேஸ் போடுவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். புது டி.வி.யை அட்டைப் பெட்டியோடு ஏற்றினால் அது வேறு விஷயம். பில் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு வசதி இருக்கும்போது, தெரிந்தவரிடம் மினி லாரி வாங்கி நாமே ஓட்டினால் என்ன தடை? வாடகை கொடுத்தால் அதற்கென்று திட்டம் இல்லை. இரவலாக வாங்கி ஓட்டினால் சட்டம் தடுக்கவில்லை. சாலையில் போலீசும் தடுக்காது. ஆனால் விபத்து ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதை டீசல் காசு கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

கூலிக்கு ஓட்டுகிற டிரைவர் வேலையில் இறந்துபோனால், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி அவர் குடும்பம் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. இன்று அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. இரவல் வண்டியைத் தானே ஓட்டியவன் இறந்தால்? 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். அந்தப் பெண்ணின் கணவர் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போய், இரும்புத் தகடு ஏற்றிய மாட்டு வண்டியில் மோதி இறந்தவர். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவன் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான், அவன் மூன்றாம் நபர் ஆகமாட்டான், ஆகவே பிழை யாருடையது என்று பாராமல் நஷ்டஈடு தரும் பிரிவின் கீழ் அவன் வாரிசுகள் கேட்க முடியாது என்றது தீர்ப்பு. டிரைவர் படியை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து, மனைவி மக்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்காருகிறோம்.

அடுத்தது, லோடுக்கு மேலே உட்கார்ந்து வருகிற வழக்கம். மழைக்காலத்தில் ரங்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு அடியில் மெத்தை. மெத்தைக்கு மேல் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. பாட்டிக்கு மட்டும் டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். பஸ் கட்டணம் மிச்சம் என்று அந்த அம்மாள் சொன்னார். எத்தனை ரூபாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சரக்கு வண்டியில் ஏறிய மனிதருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு, 1994-ல் சட்டத்தைத் திருத்தி வைத்தது: சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி வண்டியில் போகலாம், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. அவரும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று 2007-ல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. ஆகவே தோழர்களே, சாமானோடு ஓர் ஆள் போதும். அவர் கேபினில் உட்காரட்டும். சாமானுக்கு உரியவர் அவர்தான் என்பதைக் காட்ட ஒரு வெள்ளைத்தாளில் சாமான் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி டிரைவரிடம், ஒரு பிரதி சட்டைப் பையில். குழந்தைகளும் பெண்களும் பஸ்ஸில் வரட்டும். அந்த டிக்கெட் காசை வண்டி வாடகைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். தனிச் செலவாகப் பார்த்தால்தான் அதை மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

நம் தீவுச் சாலையும் மற்ற ஊர்ச் சாலை போன்றதல்ல. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போக ஜிர்காடாங் செக்போஸ்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது பாதை. குறித்த நேரங்களில் வண்டிகளை வரிசையாக, போலீஸ் துணையோடுதான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி வரிசையைத் தவறவிட்டால் மறுநாள் காலைதான். நம் ஆட்கள் சிலர் இதைப் பற்றிச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நம் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்கு நடுவே போகிறோம். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியில் சாலையையே மூடச் சொன்னது. மூடாமல் வண்டிகள் ஓடுகின்றன. சலித்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் அவர்கள்.

வரிசைக்குப் பின் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வாகனப் படகு. பாராடாங்கில் இறங்கி மேலே போனால் ஹம்ஃப்ரி நீரிணைக்கு 2020-ல் திறந்த பாலம் இருக்கிறது. அங்கே இருந்த படகுத் தொல்லை ஒழிந்தது. முதல் படகில்தான் அனுபவமில்லாதவர்கள் திணறுகிறார்கள். லோடு ஏற்றிய வண்டியைச் சரிவுப் பலகையில் இறக்குவதும் ஏற்றுவதும் கார் ஓட்டிப் பழகிய காலுக்கு வராது. கிளட்சை அரைகுறையாகப் பிடித்து நின்றால் வண்டி பின்னால் போகும். பின்னால் இருப்பது கடல். படகு நின்றபின் கைப்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குக் கட்டை என்று மூன்றும் செய்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கி நிற்பது டிரைவர்களின் வழக்கம். புதிதாக ஓட்டுகிறவர் ஏசி போட்ட காரில் உட்கார்ந்திருப்பது போல உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் தாங்களே ஓட்டத்தான் போகிறார்கள். சங்கம் தடுத்துவிட முடியாது. ஆகவே நம் டிரைவர் தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி வைக்கிறேன். கனமான சாமான் கீழே, கேபினை ஒட்டி முன்பக்கம். பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் பின்கதவுப் பக்கம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் நிற்காது. அரிசி மூட்டையும் துணி மூட்டையும் இடைவெளிகளை அடைக்க. கயிற்றைக் குறுக்கே கட்டியபின் பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். ஓடிய ஓட்டத்தில் சாமான் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். இதை ஜிர்காடாங்குக்கு முன்னாலேயே செய்ய வேண்டும், உள்ளே நிறுத்த முடியாது. திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டும். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கடைசியில் பிடிக்காது. பின்னால் எடுக்கும்போது ஓர் ஆள் இறங்கி நின்று பார்க்க வேண்டும், அந்த ஆள் டிரைவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கேஸ் சிலிண்டரை ஏற்றாதீர்கள்; ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டுப் புது ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி வாடகைக்கு வருவோம். இளைஞர் தோழர் டிரைவர் படியில் மிச்சம் தேடுகிறார். நான் கணக்கு வேறு விதமாகப் பார்க்கிறேன். வண்டி வாடகையில் டிரைவர் படி சிறிய பங்கு. பெரிய பங்கு எது? வெறுமனே திரும்பும் ஓட்டம். ரங்கத்துக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு வண்டி காலியாகப் போர்ட் பிளேர் திரும்ப வேண்டும். அந்த டீசலும் அந்த நாளும் நம் தலையில்தான் விழுகின்றன. நாமே ஓட்டினாலும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டுமே! தீவில் ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் விட்டுவிட அமெரிக்கக் கம்பெனியைப் போல நமக்கு யார் கிளை வைத்திருக்கிறார்கள்? ஆக, நாமே ஓட்டுவதால் இந்தச் செலவு ஒரு காசும் குறையாது.

குறைக்க வழி இருக்கிறது. ஹேடோ துறைமுகத்தில் இறங்கும் சிமெண்டும் அரிசியும் மளிகையும் லாரி லாரியாக வடக்கே போகின்றன. திரும்பும்போது கொட்டைப்பாக்கோ தேங்காயோ கிடைத்தால் கொண்டுவருவார்கள், கிடைக்காவிட்டால் காலி. பிள்ளைகளின் படிப்புக்காக வடக்கேயிருந்து தெற்கே வருகிற நம் குடும்பங்களுக்கு இந்தத் திரும்பும் வண்டிதான் சரியான வண்டி. டிரைவருக்கும் லாபம், நமக்கும் லாபம். ஆனால் இன்ன நாளில் இன்ன வண்டி காலியாகத் திரும்புகிறது என்பது மாயாபந்தரில் சாமான் கட்டி வைத்துக் காத்திருக்கிற குடும்பத்துக்குத் தெரியாது. டிரைவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. நடுவில் இருக்கும் புரோக்கருக்கு இருவரையும் தெரியும். அவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார். இந்த நடுவேலையைச் சங்கம் செய்தால் என்ன? ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டெலிபோனும் போதும்.

டிரைவர் தோழர்கள் கூட்டத்தில் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. எல்லோரும் தாமே ஓட்ட ஆரம்பித்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? அவர்களும் நம்மவர்கள்தாம், சொந்த வண்டி உள்ளவர்கள் சிலர், மற்றவர்கள் முதலாளி வண்டிக்கு உழைக்கிறவர்கள். வரிசை தவறிச் செக்போஸ்டில் இரவு தங்கினால் அந்த இரவுக்கு அவர்களுக்கு எந்தப் படியும் கிடையாது. குடும்பம் அதற்காக முதலாளிக்கு அதிகம் கொடுத்திருக்கும். அந்தப் பணம் டிரைவர் கைக்கு வருவதில்லை. நாம் சண்டை போட வேண்டியது அந்த இடத்தில். டிரைவரின் படியைப் பிடுங்கி மிச்சம் பிடிப்பது ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் சோற்றில் கைவைப்பது போன்றது என்று நான் அந்த இளைஞரிடம் நேரில் சொன்னேன். "அப்படியானால் முதலாளியின் பங்கில் கைவைப்போம்" என்றார். கெட்டிக்காரர். சங்கத்துக்கு வேண்டியவர்.

முன்பு சொல்வதாகச் சொன்னதைச் சொல்கிறேன். சர்க்கார் ஊழியர் மாற்றலாகும்போது, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது, மாற்றல் மானியம் உண்டு. அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவுகளுக்குப் போவோருக்கும் அங்கிருந்து வருவோருக்கும் அது அடிப்படைச் சம்பளத்தில் 100 சதவீதம். மற்ற இடங்களுக்கு 80. தீவு மாற்றம் செலவு கூடியது என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. சாமானுக்குத் தனிக் கணக்கு: 2017-ல் நிர்ணயித்தபோது கடைநிலை ஊழியருக்கு 1,500 கிலோ வரை, சாலை வழியானால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய், மேல்நிலை அதிகாரிக்கு 6,000 கிலோ, கிலோமீட்டருக்கு 50 ரூபாய். ரயில்வேக்காரனான எனக்கும் மாற்றல் வந்தால் சலுகை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதிகாரியின் சோபா நாலு மடங்கு எடை என்பதையும் விட்டுவிடுவோம்.

அதே தீவில் அதே கட்டடத்தைக் கட்டிய கொத்தனாருக்கு என்ன? 1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. காண்டிராக்டர் மூலம் வந்த தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் பாதி இடப்பெயர்வுப் படி, போகவர வழிச்செலவு, வழியில் கழியும் நாட்களுக்குக் கூலி என்று அதில் எழுதியிருந்தது. அது நடந்ததா என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எழுத்தில் இருந்தது. கேட்க ஒரு பிடி இருந்தது. 2020-ல் கொண்டுவந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வரக் கட்டணத் தொகையை வைத்திருக்கிறது. இடப்பெயர்வுப் படியைக் காணோம். சாமான் ஏற்றுவது பற்றிப் பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை. தொழிலாளி என்றால் ஒரு சட்டையோடு வந்து ஒரு சட்டையோடு போகிறவன் என்பது அவர்கள் நினைப்பு. அவனுக்குப் பாத்திரம் உண்டு, மெத்தை உண்டு, பிள்ளைகளின் புத்தகம் உண்டு.

இது புதிய கதையுமல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு இலங்கைத் தோட்டத் தமிழர்களைக் கணக்குப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் சிலரைக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றினார்கள். அங்கே வேரூன்றியபின் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. ரப்பரை நடத்திய வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தையும் 2017-ல் மூடுவதென்று மைய அமைச்சரவை முடிவெடுத்தது. ஒரே ஆயுளில் ஒரு குடும்பத்தை இத்தனை முறை கிளப்புகிறவர்கள், கிளம்புவதற்கு வண்டி என்ன என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கரைக்குத் திரும்புகிறவர்களுக்கு என் ஜன்னலிலிருந்து இரண்டு வார்த்தை. கப்பலில் மூன்று நாள் வந்து இறங்கிய அசதியில் எல்லாச் சாமானையும் ரயில் பெட்டிக்குள்ளேயே திணிக்கப் பார்க்காதீர்கள். இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ, ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம். அதற்கு மேல் இருப்பதை முன்கூட்டியே லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். பதியாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்ட வேண்டி வரும். ஒவ்வொரு உருப்படியிலும் பெயர், ஊர், சேரும் ஸ்டேஷன் எழுதுங்கள். காகிதத்தை ஒட்டாமல் துணியில் எழுதித் தையுங்கள். மோட்டார் சைக்கிளானால் டாங்கில் பெட்ரோலை வடித்துவிட்டு ஆர்.சி. நகலோடு வாருங்கள். சென்னையிலிருந்து லாரி சர்வீசில் அனுப்புவதாக இருந்தால் ரசீதில் சாமானின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், 2007-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி நீங்கள் கொடுத்த வாடகையில் பத்து மடங்குக்கு மேல் நஷ்டஈடு கிடைக்காது. சாமான் சேதமானால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாயால் சண்டை போட்டது நோட்டீஸ் ஆகாது.

என் யோசனை இதுதான். சங்கத்தின் பெயரில் 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஒன்று வாங்க வேண்டும். புது வண்டி வேண்டாம். பழையது, ஆனால் எஃப்.சி. உள்ளது. ஓட்டுவது நம் டிரைவர் உறுப்பினர்களில் ஒருவர், மாதச் சம்பளத்துக்கு, இன்சூரன்சோடு. வாடகையைப் பலகையில் எழுதி அலுவலக வாசலில் மாட்ட வேண்டும்: ஊருக்குள் இவ்வளவு, ரங்கத்துக்கு இவ்வளவு, செக்போஸ்டில் இரவு தங்கினால் டிரைவருக்கு இவ்வளவு. ஒரு குடும்பம் வெறும் சமையல் சாமானோடும், இன்னொரு குடும்பம் பீரோக்களோடும் வந்தால் ஒரே கட்டணமா என்று கேட்பார்கள். அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கே இன்னும் தெளிவில்லை. வண்டி வாங்கும் வரை திரும்பும் வண்டி நோட்டுப் புத்தகத்தை ஆரம்பிக்கலாம்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது தனி. சட்டமன்றம் இல்லாத தீவு நம்முடையது. பாராளுமன்றத்துக்கு ஒரே உறுப்பினர். ஆகவே மனு நேராக நிர்வாகத்துக்கும் அவருக்கும் போக வேண்டும். தீவுக்குள் வீட்டுச் சாமான் ஏற்றுவதற்கு உச்ச வாடகை நிர்ணயித்து ஜெட்டிகளிலும் ஜிர்காடாங்கிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது ஒன்று. தீவில் வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளிக்குச் சாமான் செலவும் காண்டிராக்டர் பொறுப்பு என்று அரசு வேலைகளின் டெண்டர் நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டால் காண்டிராக்டர்கள் குதிப்பார்கள். குதிக்கட்டும்.

இந்த மனுவின் நகலை அடுத்த செயற்குழுவில் வைக்கிறேன். கடைசியாக வீடு மாறியபோது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன வண்டி, யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். டிரைவர் தோழர்கள் தங்கள் பக்கக் கணக்கையும் கொண்டுவர வேண்டும். பெண்களும் வர வேண்டும். எது உடைந்தது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும்.